பிள்ளைக் கதையும் பெரியோர் கதையும்

கதைப் புத்தகம் என்றால் பிள்ளைகளுக்கென்று ஒரு வகை, பெரியோருக்கென்று மற்றொரு வகை என நம்மவர் பிரித்து வைத்திருக்கின்றனர். பிள்ளைகளின் கதையைப் பெரியவர் ஒருவர் படித்தால், "வயது ஏறியும் விளையாட்டுப் புத்தி போகவில்லையே!" என்று நகைக்கின்றனர். பெரியோருக்குரிய நாவலைப் பெரியவரே படித்தாலும், "வேலையற்றவன் பொழுதுபோக்கு" என்று இகழ்கின்றனர். ஆக, பிள்ளைகளின் கதை பாடத்திற்கு உதவுமளவே நல்லது, பெரியோரின் கதை எதற்கும் உதவாதது என்னும் முடிவுக்கு நம் சமூகம் வந்துவிட்டது. இம்முடிவு பொருந்தாது என்பதையும், இதனால் நம் மக்களுக்கு நேரும் நட்டம் சிறிதன்று என்பதையும் எடுத்துரைக்கவே இக்கட்டுரையை எழுதத் துணிந்தோம்.

நாம் புலவர் அல்லோம்; எழுத்தைத் தொழிலாகக் கொண்டவரும் அல்லோம். லூனாஸுக்கு அருகில் ஒரு செம்பனைத் தோட்டத்தில் கிராணியாக இருக்கிறோம். விடியுமுன் பெரட்டுக்களத்தில் ஆட்கணக்கு எடுப்பதும், பின்னர் அலுவலகத்தில் குலைக் கணக்கையும் சம்பளக் கணக்கையும் கணினியில் ஏற்றுவதுமே நம் தொழில். பிள்ளைகள் இருவர். மூத்தவள் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டிலும், இளையவன் இரண்டாம் ஆண்டிலும் பயில்கின்றனர். நாம் பயின்றதோ பினாங்கில் ஒரு தனியார் ஆங்கிலப் பள்ளியில். தமிழ் எழுத்தை அன்னையார் அடுப்பங்கரையில் அமர்ந்து கற்பித்தார். அதற்குமேல் தமிழில் நமக்கு ஆசிரியர் இல்லை.

ஆதலால் நம் சிறுவயதுக் கதைகள் யாவும் ஆங்கிலக் கதைகளே. ஈனிட் பிளைட்டன் அம்மையார் 1942ஆம் ஆண்டில் தொடங்கிய ஐவர் கதைகளை ஒன்று விடாமல் படித்தோம். சன்னலுக்கு வெளியே பால்மரங்கள் இலையுதிர்த்து நிற்க, நாம் இங்கிலாந்தின் கடற்கரைக் குகைகளில் கொள்ளைக்காரரைத் துரத்திக்கொண்டிருந்தோம். அந்த இன்பத்தை நாம் குறைத்துப் பேசமாட்டோம். ஆனால் அக்கதைகளில் நம் வீட்டைப் போன்ற வீடு இல்லை. நம் அன்னையைப் போல் பேசும் அன்னையும் இல்லை. கதை என்பது வேறு தேசத்தில் நடப்பது, நம் தேசத்தில் நடப்பது வேலை மட்டுமே என்று அந்நாளில் எண்ணியிருந்தோம்.

மூத்தவள் பிறந்து பேசத் தொடங்கிய பின்னரே நாம் தமிழ்க் கதை நூல்களை வாங்கலானோம். அப்பொழுது நமக்கு வயது முப்பதை எட்டிக்கொண்டிருந்தது; தமிழ் வாசிப்பிலோ நமக்கு வயது ஏழு! அவளுக்காகப் படிப்பதாகச் சொல்லிக்கொண்டு எழுத்துக்கூட்டிப் படித்தோம். அவள் பாதிக் கதையில் உறங்கிவிடுவாள். புத்தகத்தை மூடி வைக்க நமக்கு மனம் வராது. விளக்கைச் சற்றே திருப்பி வைத்துக்கொண்டு மீதிக் கதையையும் படித்து முடித்த பின்னரே படுப்போம். மறுநாள் இரவு அவள், "நேற்று விட்ட இடத்திலிருந்து படியுங்கள், அப்பா" என்பாள். முடிவு தெரிந்தும் தெரியாதவர் போல் படிப்பதும் ஓர் இன்பமே.

இவ்வாறு நம் வீட்டில் சிறுவர் நூல்கள் பெருகின. வாண்டுமாமா எழுதிய சாகசக் கதைகள் வந்தன. 1947இல் தொடங்கிய 'அம்புலிமாமா'வின் பழைய இதழ்கள் வந்தன. நம் கெடா மாநிலத்துச் சுங்கைப் பட்டாணியைச் சேர்ந்த ஆசிரியர் கே. பாலமுருகன் எழுதிய 'மர்மக் குகையும் ஓநாய் மனிதர்களும்', 'மோகினி மலையின் இரகசியம்' என்னும் சிறுவர் நாவல்களும் வந்தன. இவ்வாசிரியர் பெரியோருக்கான நாவலும் சிறுகதையும் எழுதுபவர். எழுதுகிறவர் இரு பக்கமும் சென்று வரும்பொழுது படிக்கிறவர் ஒரு பக்கத்திலேயே நிற்க வேண்டிய நியாயம் யாது?

உண்மையில் நம் முன்னோர் இப்பிரிவினையை அறியார். ரப்பர்த் தோட்டத்தில் பால்வெட்டி வாழ்ந்த நாளில், ஒரு லயத்திற்கு எழுத்தறிந்தவர் ஒருவர் வாய்த்தால் அதுவே பெரிது என்று நம் தந்தையார் சொல்லுவார். இரவில் மண்ணெண்ணெய் விளக்கைச் சுற்றி லயத்தார் கூடுவர். 'பெரிய எழுத்து' விக்கிரமாதித்தன் கதையையோ, அல்லி அரசாணி மாலையையோ, நல்லதங்காள் கதையையோ அவர் இராகம் போட்டுப் படிப்பார். வெற்றிலை இடித்துக்கொண்டிருந்த கிழவியும் கேட்டாள்; அவள் மடியில் கிடந்த பேரனும் கேட்டான். 'இது உனக்கு, அது எனக்கு' என்று அங்கே யாரும் பங்கு பிரிக்கவில்லை. கதை முடிந்த பிறகு அடுத்த நாள் நிரையில் பால்வெட்டும்பொழுதும் அதே கதை பேசப்பட்டது.

அக்கதைகளில் அறிவுக்கு ஒவ்வாதவை பல உண்டு என்பதை நாம் மறுக்கவில்லை. விதியென்றும் கற்பென்றும் சொல்லிப் பெண்ணை அடக்கியவை உண்டு. ஆயினும் அவற்றை மறைத்து வைப்பதிலும், பிள்ளைகளோடு சேர்ந்து படித்து வினவுவதே நலம் என்பது நம் கருத்து. ஒருநாள் மூத்தவளுக்கு நல்லதங்காள் கதையைச் சொன்னோம். பஞ்சம் வந்ததும், அண்ணன் வீட்டுக்குப் போனதும், அண்ணி மூளி அலங்காரி விரட்டியதும், ஏழு பிள்ளைகளையும் கிணற்றில் போட்டுத் தானும் வீழ்ந்ததும் கேட்டு அவள் நெடுநேரம் பேசாதிருந்தாள். பிறகு, "அப்பா, அந்த ஊரில் அவளுக்கு ஒரு வேலை கொடுக்க யாருமே இல்லையா?" என்று கேட்டாள். தோழர்களே! நம் பாட்டிமார் தலைமுறை தலைமுறையாக அழுதுகொண்டே கேட்ட கதை இது. அழுவதற்கு மாறாக அக்கேள்வியை அவர்கள் கேட்டிருப்பின் எத்தனை கிணறுகள் தூய்மையாய் இருந்திருக்கும்! அக்கேள்வி பதினொரு வயதுப் பெண்ணுக்குத் தோன்றியது, கதையைத் தந்தையும் மகளும் சரிக்குச் சரியாக அமர்ந்து பேசியதனால் என்றே நாம் நம்புகிறோம்.

இனி, சிறுவர் கதையில் பெரியவருக்கு என்ன இருக்கிறது என்று கேட்போருக்கு விடை கூறுவோம்.

முதலாவது, அங்கே வீண்சொல் இல்லை. சிறுவன் பொறுமையற்ற வாசகன். இரண்டு பக்கத்துக்குள் கதை நகராவிட்டால் எழுந்து ஓடிவிடுவான். ஆகையால் நல்ல சிறுவர் எழுத்தாளர் தம் சொல்லை எண்ணி எண்ணிச் செலவிடுகிறார். நாள் முழுதும் அலுவலகக் கடிதங்களின் சுற்றுவழிச் சொற்களில் உழன்ற நமக்கு அது குளிர்ந்த நீர் போல் இருக்கிறது. இரண்டாவது, பெரியவர் பேச நாணும் பொருளை அது நாணாமல் பேசுகிறது. எஸ். பாலபாரதி எழுதிய 'மரப்பாச்சி சொன்ன ரகசியம்' என்னும் நூலில் ஒரு மரப்பாச்சிப் பொம்மை பேசுகிறது. அது பேசும் பொருளோ, பெரியவர் சிலர் குழந்தைகளிடம் நடந்துகொள்ளும் கேடான முறையைப் பற்றியது. 2010ஆம் ஆண்டு முதல் இந்தியாவின் சாகித்திய அகாதெமி வழங்கிவரும் பால புரஸ்கார் விருதை 2020இல் தமிழுக்காக அந்நூல் பெற்றது. மகளிடம் எவ்வாறு தொடங்குவதென்று நாமும் இல்லாளும் பல நாள் தயங்கிய ஒரு பேச்சை அப்பொம்மை ஒரே மாலையில் தொடங்கி வைத்தது. அந்நூலைப் பிள்ளையின் கையில் கொடுத்துவிட்டுத் தாம் படியாதிருக்கும் பெற்றோர் பாதிப் பயனையே அடைவர்.

மூன்றாவது, அது நம்மைப் பார்த்து நகைக்கிறது. பிரெஞ்சு ஆசிரியர் செந்த் எக்சுபெரி 1943இல் வெளியிட்ட 'குட்டி இளவரசன்' 1981இல் மூலமொழியிலிருந்தே தமிழாக்கப்பட்டு வெளிவந்தது. சிறுவர்க்கான அந்நூலைத் தம் நண்பராகிய ஒரு பெரியவருக்கு உரிமையாக்கி, அதற்காகச் சிறுவரிடம் ஆசிரியர் மன்னிப்பும் கோருகிறார்! அதிலே ஒரு கோளில் ஒருவன் அமர்ந்து விண்மீன்களை ஓயாமல் எண்ணிக் கணக்கெழுதுகிறான். எண்ணியவையெல்லாம் தன்னுடையவை என்கிறான். அவ்விடம் வந்ததும் இளையவன் நம்மை ஏறிட்டுப் பார்த்து, "அப்பா, இவரும் கிராணியா?" என்றான். வீடே சிரித்தது; நாமும் சிரித்தோம். எனினும் மறுநாள் குலைக் கணக்கை எழுதும்பொழுது, இக்குலைகளை வெட்டி இறக்கியவன் எந்நாட்டிலிருந்து வந்தான், அவன் பிள்ளைக்கு யார் கதை சொல்கிறார்கள் என்று எண்ணாதிருக்க முடியவில்லை. பெரியோர் நாவல் ஆயிரம் பக்கத்தில் செய்வதை அச்சிறு நூல் ஒரு பக்கத்தில் செய்தது. பிள்ளைகளுக்கு மட்டுமே சுவைக்கும் பிள்ளைக் கதை நல்ல கதையாகாது என்று ஸி. எஸ். லூயிஸ் என்னும் ஆங்கில எழுத்தாளர் 1952ஆம் ஆண்டளவில் வாதித்ததன் பொருள் நமக்கு அன்றே விளங்கிற்று.

சிறுவர் கதைகளைப் படித்துப் படித்து நம் தமிழ் வளர்ந்தது. அப்படியே பெரியோர் நாவல்களுக்குள் புகுந்தோம். ப. சிங்காரம் எழுதிய 'கடலுக்கு அப்பால்' 1959இலும், 'புயலிலே ஒரு தோணி' 1972இலும் வெளிவந்தவை. மேடானில் தொழில் பார்த்த அவர், போர்க்காலத்துப் பினாங்கையும் மேடானையும் தமிழில் எழுதி வைத்தார். நாம் பள்ளிக்குச் சென்ற நகரமே நாவலுக்குள் நிற்பதைக் கண்டபொழுது உண்டான வியப்பு சொல்லுந்தரமன்று. கதை வேறு தேசத்தில்தான் நடக்கும் என்ற நம் பழைய எண்ணம் அன்று அகன்றது. நம் கெடா மாநிலத்து எழுத்தாளர் சீ. முத்துசாமியின் 'மண் புழுக்கள்' தோட்ட வாழ்வை நமக்குக் காட்டிற்று. 2017இல் தமிழ்நாட்டிலே விஷ்ணுபுரம் விருது அவருக்கு வழங்கப்பட்டதை நாம் நம் வீட்டு விழாவாகவே கொண்டாடினோம்.

அ. ரெங்கசாமியின் 'நினைவுச்சின்னம்' 2005இல் வெளிவந்த நாவல். ஜப்பானியர் 1942, 1943ஆம் ஆண்டுகளில் சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே இரும்புப்பாதை போட்டபொழுது, மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டு செல்லப்பட்ட தமிழர் பல்லாயிரவர் காட்டிலே மாண்டனர். அக்கொடுமையே அந்நாவலின் பொருள். நம் பாட்டனாரின் தமையனார் ஒருவரும் அவ்வாறு சென்று மீளாதவர். அவருக்குப் படமில்லை, கல்லறையில்லை, வீட்டில் ஒரு பெயர் மட்டுமே எஞ்சியிருந்தது. அந்நூலைப் படித்தபொழுது நம் கண் கலங்கியதைக் கண்ட மூத்தவள், "அதில் என்ன எழுதியிருக்கிறது?" என்று கேட்டாள். அவள் வயதுக்குத் தக்கவாறு ஒரு பகுதியைக் கதையாகச் சொன்னோம். அவள் அப்புத்தகத்தை வாங்கிப் புரட்டிப் பார்த்துவிட்டு, "நான் எப்பொழுது இதைப் படிக்கலாம்?" என்றாள். "இன்னும் மூன்று ஆண்டில்" என்றோம். அன்று முதல் அந்நூலின் மேல் அவளுக்கு ஓர் உரிமை வந்துவிட்டது. அலமாரியைத் துடைக்கும்பொழுதெல்லாம் அதை எடுத்துப் பார்த்துவிட்டு வைக்கிறாள்.

எந்த நூல் எவ்வயதில் என்பதை அறிந்து சொல்லப் பெற்றோரே தக்கவர். ஆனால் படிக்கும் பெற்றோரால் மட்டுமே அதைச் செய்ய இயலும். நம் ஊரைப் பற்றிய நாவலுக்கு நேர்ந்ததை இங்கே நினைவூட்டுவது பொருந்தும். லூனாஸிலே பிறந்த ம. நவீன் எழுதிய 'பேய்ச்சி' இவ்வூரையே களமாகக் கொண்டது. 1981இல் இவ்வட்டாரத்தில் நச்சுச் சாராயம் குடித்துப் பலர் மாண்ட துயரத்தையும் தொடுவது. 2020ஆம் ஆண்டின் இறுதியில் உள்துறை அமைச்சு அந்நூலைத் தடை செய்தது. அது சிறுவர் படிக்கத்தக்க நூலன்று என்பதில் நமக்கு ஐயமில்லை. ஆனால் சிறுவர்க்கு ஆகாததைப் பெரியவருக்கும் ஆகாதென்று மூடிவிட்டால், பெரியவரை என்றென்றும் சிறுவராகவே வைத்திருப்பதாகாதா? கள்ளும் சாராயமும் நம் மக்களைச் சீரழித்த வரலாறு கெடாத் தமிழருக்குப் புதிதன்று. 1947இல் பீடோங் வட்டாரத்தில் தொண்டர் படையினர் கள்ளுக்கடைகளை எதிர்த்து நின்ற மண் இது. அத்தகைய வரலாற்றைப் பேசும் கதையைத் தன் பிள்ளைக்கு என்று, எவ்வளவு சொல்லலாம் என்னும் தீர்ப்பு குடும்பத்தின் கையில் இருப்பதே முறை.

இனி நம் உள்ளத்தை உறுத்தும் செய்திக்கு வருவோம். அடுத்த ஆண்டு மூத்தவள் இடைநிலைப் பள்ளிக்குச் செல்வாள். அங்கே கல்வி மலாய் மொழியில். 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டப்படி, பதினைந்து மாணவரின் பெற்றோர் கேட்டால் தமிழும் ஒரு பாடமாகக் கற்பிக்கப்படலாம். நாட்டில் 500க்கு மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இருந்தும், அவற்றில் ஆறாண்டு பயின்று வெளிவரும் பிள்ளைகளிற் பலர் பன்னிரண்டாம் வயதோடு தமிழ் நூலைக் கீழே வைத்துவிடுகின்றனர். சிறுவர் கதை அவர்களுக்குச் சிறிதாகிவிட்டது. பெரியோர் நாவலோ எட்டாத உயரத்தில் இருக்கிறது. இடையிலே ஆறு. பாலத்தைப் பள்ளி போடவில்லை.

ஒரு காலத்தில் அப்பாலத்தைப் பத்திரிகைகள் போட்டன. 1935இல் சிங்கப்பூரில் தோன்றிய 'தமிழ் முரசு' 1950களில் மாணவர் மணிமன்றம் என்னும் பகுதியை நடத்திற்று. அதிலே சிறுவராய் எழுதத் தொடங்கியோர் பலர் பின்னர் பெயர் பெற்ற எழுத்தாளராயினர். 1924 முதல் கோலாலம்பூரிலிருந்து வந்துகொண்டிருந்த 'தமிழ் நேசன்' 2019இல் நின்றுவிட்டது. இன்று பிள்ளைகளின் கையில் இருப்பது கைத்தொலைபேசி. அதைப் பழிப்பதால் பயனில்லை. தாமே இரவெல்லாம் அதில் கண் பதித்திருக்கும் தந்தையார், "புத்தகத்தை எடு" என்று பிள்ளையை அதட்டுவது வேடிக்கையாகவே முடியும்.

நம் வீட்டில் நாம் போட முயலும் பாலம் 'பொன்னியின் செல்வன்'. கல்கி அதை 1950 முதல் 1954 வரை தொடராக எழுதினார். 2022இலும் 2023இலும் அது திரைப்படமாக வந்தபொழுது, கூலிம் தொழிற்பூங்காவில் இரவு வேலை பார்க்கும் இளைஞரும் அதைப் பற்றிப் பேசினர். படத்தைப் பார்த்த மூத்தவள் நூலைக் கேட்டாள். இப்பொழுது ஓர் அத்தியாயம் அவள் படிக்க, அடுத்ததை நாம் படிக்கிறோம். பூங்குழலியின் பக்கம் அவள். நந்தினிக்காக இல்லாள் வாதாடுகிறாள். அரசர் பெருமையே பேசும் கதையாயிற்றே என்ற எண்ணம் நமக்கு இருந்தது. ஆனால் ஒருநாள் அவளே, "எல்லாரும் குதிரையில் ஓடிக்கொண்டே இருக்கிறார்களே, வயலில் நெல்லை யார் அறுக்கிறார்கள்?" என்று கேட்டாள். தோட்டத்தில் பிறந்த பிள்ளையின் கேள்வி அது. அந்தக் கேள்வியோடு எந்த நாவலுக்குள்ளும் அவள் துணிந்து செல்லலாம் என்று நாம் அமைதியடைந்தோம்.

"இவையெல்லாம் கிராணிமாருக்கும் ஆசிரியருக்கும் ஆகும், உழைத்துக் களைத்தவனுக்கு ஏது நேரம், ஏது பணம்?" என்று சிலர் கேட்பர். இக்கேள்வியில் நியாயம் உண்டு. தமிழ்நாட்டிலிருந்து வரும் நூல் இங்கே மலிவாகக் கிடைப்பதில்லை. ஆனால் பழைய லயத்தில் புத்தகம் ஒன்றுதான் இருந்தது; கேட்டவரோ ஐம்பது பேர். இன்று வீட்டமைப்புப் பகுதிகளில் சுவரும் கதவும் நம்மைப் பிரித்தாலும், நான்கு குடும்பங்கள் சேர்ந்து நான்கு நூல் வாங்கி மாற்றிக்கொள்வதை எந்தச் சுவரும் தடுக்காது. பயிற்சி நூல்களுக்கு நாம் கொட்டும் பணம் சிறிதா? யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021இல் நீக்கப்பட்ட பின்னும் அவற்றை வாங்கிக் குவிப்போர் நம்மில் உண்டே! அதில் பத்தில் ஒரு பங்கு கதைக்குச் செல்லட்டும்.

நேரத்தைப் பற்றியும் ஒன்று சொல்லுவோம். நமக்குக் கிடைப்பது இரவில் அரைமணி நேரமே. அந்த அரைமணியில் பாதி பிள்ளைகளின் கதைக்கு. பாதி நம் நாவலுக்கு. பின்பாதியில் பிள்ளைகள் நம் அருகே படுத்துக்கொண்டு நாம் படிப்பதைப் பார்த்தவாறே உறங்குவர். அப்பாவும் அம்மாவும் தமக்காகவே, தம் இன்பத்திற்காகவே ஒரு தமிழ் நூலைப் படிக்கின்றனர் என்று காணும் பிள்ளை, வளர்ந்தவர்க்கும் தமிழில் கதை உண்டு என்பதை ஒருவர் சொல்லாமலே அறிந்துகொள்ளும். பன்னிரண்டாம் வயதில் தமிழை வைத்துவிட்டுப் போகாமல் இருக்க அவ்வறிவே அதற்குத் துணை.

ஆகவே, தாய்மாரே, தந்தைமாரே! பிள்ளைக்கு ஒரு கதைநூல் வாங்கினால் அதை முதலில் நீங்கள் படியுங்கள். கடைசிப் பக்கத்து நீதியைத் தேடிப் படிக்கவேண்டாம். கதையை இரசித்துப் படியுங்கள். உங்களுக்குச் சுவைக்கவில்லையாயின் பிள்ளைக்கும் சுவைக்காது, வேறொன்று வாங்குங்கள். உங்கள் நாவலை ஒளித்து வைக்காதீர்கள். பிள்ளை கேட்டால் அதிலிருந்து ஒரு துளி சொல்லுங்கள். மீதியைத் தேடி அது தானே வரும்.